திரும்பினால் மட்டும் போதாது

ஃபோர்டு மாடல் ஏஏ லாரியின் ஸ்டீயரிங் வீலுக்கு நடுவே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஹார்ன் ஒலிக்கும். பொத்தானை ஒட்டி ஒரு சிறு கைப்பிடி. அதைத் திருப்பினால் முன்விளக்குகள் எரியும், மங்கும், அணையும். ஆனால் விளக்குக்கான சுவிட்ச் அந்த இடத்தில் இல்லை. அது ஓட்டுநரின் கால்களுக்கும் அப்பால், ஸ்டீயரிங் பாக்ஸின் அடிமுனையில் பொருத்தப்பட்டிருக்கிறது. மேலே உள்ள கைப்பிடியையும் கீழே உள்ள சுவிட்சையும் இணைப்பது ஒரு நீண்ட கம்பி. அந்தக் கம்பி செல்வதற்காகவே ஸ்டீயரிங் ஷாஃப்ட் முழு நீளத்துக்கும் உள்ளீடற்ற குழாயாகச் செய்யப்பட்டிருக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. பல பத்தாண்டுகள் கொட்டகையில் கிடந்த லாரியில் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். கைப்பிடி அசையாது, பொத்தான் அமுங்காது, கம்பி மேலேயும் வராது, கீழேயும் போகாது. கம்பி வெளியே வராதவரை ஸ்டீயரிங் தண்டை முறையாகப் பிரித்து, உள்ளே இருக்கும் பற்களும் பேரிங்குகளும் எந்த நிலையில் உள்ளன என்று பார்க்கவும் வழியில்லை.

இது ஏதோ ஓர் அபூர்வ வண்டிக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. மாடல் ஏ கார் 1927 டிசம்பரில் அமெரிக்காவில் அறிமுகமானது. அதன் 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன் எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, சேஸிஸையும் அச்சுகளையும் கனமாக்கிச் செய்த ஒன்றரை டன் லாரிதான் ஏஏ. 1929-இல் சோவியத் அரசு ஃபோர்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இதே லாரி 1932 முதல் நிஷ்னி நோவ்கரோதில் காஸ்-ஏஏ என்ற பெயரில் லட்சக்கணக்கில் தயாரானது. லெனின்கிராது முற்றுகையின்போது, 1941-42 குளிர்காலத்தில், உறைந்த லடோகா ஏரியின்மேல் உணவு ஏற்றிச் சென்றவற்றில் இந்த லாரிகள் முக்கியமானவை. கனடா ஃபோர்டின் கிளை நிறுவனம் 1926-இலேயே இந்தியாவிலும் தொடங்கப்பட்டது. பிற்காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கம்பிக்குப் பதிலாக, ஹார்ன் ஒயர் செல்லும் மெல்லிய குழாய் ஒன்று ஷாஃப்டின் உள்ளே போனது. அங்கும் அடைப்பு வருவது இதே இடத்தில்தான். ஆகவே ஏஏ லாரியைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் பல வண்டிகளுக்கும் பொருந்தும்.

இந்த அடைப்பை எடுக்கப் பட்டறைகளில் மூன்று குறுக்குவழிகள் வழக்கத்தில் உள்ளன. கம்பியின் முனையில் சுத்தியலால் அடித்து இறக்குவது ஒன்று. வெல்டிங் கேஸின் தீயைக் காட்டி இளக்குவது இரண்டாவது. நீளமான டிரில் பிட்டை உள்ளே விட்டுக் குடைந்து எடுப்பது மூன்றாவது. மூன்றும் பல நேரம் பலிக்கின்றன. அடைப்பு போய்விடுகிறது, வீலும் திரும்புகிறது. ஆனாலும் இந்த மூன்றையும் ஸ்டீயரிங்கில் கைக்கொள்ளக் கூடாது என்பதே என் வாதம். அடைப்பு நீங்கியதா என்று கேட்பது மட்டும் போதாது. நீக்கும்போது ஏதேனும் சேதம் நேர்ந்திருந்தால், அது பிறகு நம் கண்ணுக்குத் தெரியுமா என்றும் கேட்க வேண்டும். எந்த முறை தன் சேதத்தை மறைத்துவிட்டுப் போகிறதோ, அந்த முறை எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் ஸ்டீயரிங்குக்கு ஆகாது.

ஸ்டீயரிங்குக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? எஞ்சின் நின்றுபோனால் லாரி ஓரமாக நிற்கும். கால் பிரேக் பிடிக்காவிட்டால் கை பிரேக் உண்டு. கியரைக் குறைத்தும் வேகத்தைத் தணிக்கலாம். ஸ்டீயரிங்கில் அப்படி ஒரு மாற்று வழி கிடையாது. வீலிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து வார்ம் எனப்படும் திருகுப்பல், அதிலிருந்து செக்டர் எனப்படும் பல்துண்டு, பிறகு ஆர்ம், டிராக் லிங்க், முன்சக்கரம் என்று ஓட்டுநரின் கை ஒரே ஒரு சங்கிலி வழியாகத்தான் சாலையை அடைகிறது. ஒரு கண்ணி விட்டாலும் அடுத்த கணத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. அது ஓட்டுபவரின் உயிரோடு முடிகிற விஷயமும் அல்ல. இந்தியாவில் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் விண்டேஜ் வாகனம் என்ற தனிப் பதிவு வந்தது. அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் அவற்றை ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டுபோகலாம். ராலி என்றால் பொதுச்சாலை, சாலையோரம் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம், அதில் குழந்தைகள். புதுப்பித்தவரின் பட்டறையில் நடந்தது என்ன என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. அவர்கள் சார்பிலும் யோசிக்கும் கடமை ஸ்பேனரைக் கையில் எடுத்தவருக்கு இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, எது அடைபட்டிருக்கிறது என்று பிரித்தறிவது. இரண்டு வேறு கோளாறுகளை நாம் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். வீலே திரும்பாமல் இறுகிப்போவது ஒன்று. வீல் திரும்பியும் உள்ளே உள்ள கம்பி சிக்கிக்கொள்வது மற்றொன்று. வீல் திரும்பாவிட்டால், முன் அச்சை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்ற வேண்டும். இப்போது வீல் லேசாகத் திரும்பினால் ஸ்டீயரிங் தண்டின்மேல் பழி இல்லை. கிங் பின்னோ டை ராடு மூட்டோ இறுகியிருக்கிறது. அப்போதும் திரும்பாவிட்டால், டேஷ்போர்டுக்குக் கீழே தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தண்டு கோணலாகப் பூட்டப்பட்டிருந்தாலே ஷாஃப்ட் இறுகும். இதற்கும் மசியாவிட்டால்தான் சந்தேகம் பாக்ஸின்மீதும் ஷாஃப்டின் உட்புறத்தின்மீதும் விழ வேண்டும். அதற்கும் ஏஏ லாரியே ஒரு சோதனை தருகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் வீலைச் சுற்றினாலும் நடுவில் உள்ள விளக்குக் கைப்பிடி தன் இடத்திலேயே நிற்கும். அடியில் உள்ள சுவிட்ச் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வீலோடு சேர்ந்து கைப்பிடியும் சுற்ற முயன்றால், கம்பி ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். அதற்குமேல் வீலைத் திருப்பக் கூடாது. திருப்பினால் கம்பி முறுகும், சுவிட்ச் பிய்ந்துவிடும்.

இனி, அந்த அடைப்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல. வண்டியைப் பராமரித்தவர்களே நல்லெண்ணத்தோடு உள்ளே செலுத்திய கிரீஸ். ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்க வேண்டியது கனமான கியர் ஆயில். இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற ஆயில் சீல் அந்தக் காலத்து ஃபோர்டில் கிடையாது. பாக்ஸின் அடித்தகட்டிலிருந்து ஒரு சிறு குழாய் ஷாஃப்டின் உள்ளே ஆயில் மட்டத்துக்கு மேல்வரை எழும்பி நிற்கும். ஆயில் வழிந்துபோகாமல் தடுப்பது அதுதான். அந்தக் குழாய் தளர்ந்தாலோ ஓட்டை விழுந்தாலோ ஆயில் சுவிட்ச் வழியாகத் தரையில் சொட்டும். சொட்டுவதைப் பார்த்தவர் குழாயை மாற்றாமல், கிரீஸ் துப்பாக்கியை எடுத்துப் பாக்ஸைக் கிரீஸால் நிரப்பிவிடுவார். சொட்டுவது நிற்கும்; கிரீஸ் ஷாஃப்டின் உள்ளேயும் ஏறிவிடும். ஆனால் கிரீஸ் என்பது சோப்புத் தன்மையுள்ள ஒரு பொருளில் ஆயிலைத் தேக்கி வைத்த கலவை. ஆண்டுகள் போகப் போக ஆயில் பிரிந்து வடிந்துவிடும். சோப்பு மட்டும் காய்ந்து நிற்கும். மீந்த ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அரக்குப் போல இறுகும். போதாக்குறைக்கு, வார்ம் சுழலும்போது கிரீஸில் தனக்கென ஒரு பாதையை வெட்டிக்கொள்ளும். ஆயிலைப் போலக் கிரீஸ் ஓடிவந்து அந்தப் பாதையை நிரப்பாது. ஆக பாக்ஸ் நிறையக் கிரீஸ் இருந்தும் பற்கள் உலர்ந்தே உரசுகின்றன. மேலே கம்பி சிக்கியதும் கீழே பல் தேய்ந்ததும் ஒரே தவறின் இரண்டு விளைவுகள்.

கிரீஸுக்கு அடுத்தது துரு. வீலின் நடுவில் உள்ள பொத்தானைச் சுற்றியுள்ள சந்து வழியாக மழைநீரும் ஈரக்காற்றும் உள்ளே இறங்கும். இரும்பு துருவாகும்போது, முன்பு தான் பிடித்திருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். கம்பியும் துருப்பிடித்து, குழாயின் உட்சுவரும் துருப்பிடித்தால், நடுவில் இருந்த இடைவெளி இருபுறமிருந்தும் மூடிக்கொள்கிறது. திறந்த குழாய் என்றால் குளவிக்கும் வசதி. சுவிட்ச் கழன்றுபோன வண்டிகளில் அது மண்ணால் கூடு கட்டிவிடும். ஆகவே அடைப்பிலிருந்து வெளிவரும் முதல் துணுக்குகளைக் குப்பையில் கொட்டாமல் வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்க்க வேண்டும். கறுத்துப் பளபளப்பாக, நகத்தால் கீறினால் சில்லாக உடைவது இறுகிய கிரீஸ். செம்பழுப்புப் பொடி துரு. வெளிர்மஞ்சளாய், தண்ணீர் பட்டதும் கரைவது குளவி மண். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான மென்தூள் இருந்தால் அது பல்லோ பேரிங்கோ தேய்ந்த தூள்; அப்போது அடைப்பை எடுப்பதோடு வேலை முடியாது, பாக்ஸ் முழுவதையும் பிரித்தே ஆக வேண்டும். அடைப்பு வண்டியின் மருத்துவக் குறிப்பேடு போன்றது. அடித்துத் தள்ளுகிறவர் அதைப் படிக்காமலே கிழித்துப் போடுகிறார்.

சுத்தியலை எடுத்துக்கொள்வோம். ஷாஃப்டின் கீழ்முனையில் உள்ள வார்மை மேலும் கீழுமாக இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. கம்பி ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும்போது மேலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் கம்பியில் நிற்பதில்லை. ஷாஃப்ட் வழியாக இறங்கிக் கீழ்ப் பேரிங்கில் முடிகிறது. உருளும்போது பெரும் சுமையைத் தாங்கக்கூடிய பேரிங், அசையாமல் நிற்கும்போது திடீரென விழும் அடியைத் தாங்காது. உருளைகள் தாம் நின்ற இடத்தில் பாதையில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடும். அன்றைக்கு வீல் திரும்பும். பல மாதம் கழித்து, நேர்ச்சாலையில் போகும்போது வீல் குறிப்பிட்ட இடங்களில் நெருடும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். மெல்லிய கம்பியோ அடி வாங்க வாங்க உள்ளே வளைந்து, ஆப்பு அடித்தாற்போல முன்பைவிட இறுகும். அடித்தகட்டில் நிற்கும் ஆயில் குழாயும் அதே அடியில் பெயர்ந்துவிடலாம். அது பெயர்ந்தால் மறுபடி ஆயில் சொட்டும். மறுபடி ஒருவர் கிரீஸ் துப்பாக்கியை எடுப்பார்.

தீயின் சேதம் இதைவிட மறைவானது. ஆக்சி-அசிட்டிலின் தீயின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கடினமாக்கப்பட்ட எஃகு, சுமார் 200 டிகிரியைத் தாண்டும்போதே தன் கடினத்தை இழக்கத் தொடங்குகிறது. சுத்தமாகத் தேய்த்த எஃகின்மேல் சூடு ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியும்: 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 260-ஐ ஒட்டிப் பழுப்பு கலந்த ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். வேலை முடிந்ததும் எமரித் தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் அந்த நிறம் போய்விடும். போன கடினம் திரும்பி வராது. அடுத்து வாங்குகிறவர் பளபளக்கும் ஷாஃப்டைப் பார்ப்பார்; அதன் பற்கள் வெண்ணெயாகிவிட்டதை அவர் அறிய வழியில்லை. ஏஏ லாரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் பெட்ரோல் டேங்க் ஓட்டுநருக்கு நேர் முன்னால், கண்ணாடிக்குக் கீழே உள்ள முகப்பிலேயே அமைந்திருக்கிறது. ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் பிடிப்பும் அதையொட்டியே இருக்கிறது. வண்டியில் வைத்தே தண்டுக்குத் தீ காட்டுவது, காலி டேங்க் என்றாலும், பெட்ரோல் ஆவிக்குக் கீழே தீ மூட்டுவதுதான். தண்டைத் தனியே கழற்றி வைத்துச் சுட்டாலும், இரு பக்கமும் அடைபட்ட குழாயில் சிக்கிய எண்ணெயும் நீரும் கொதித்து அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு போல வெளியே தள்ளக்கூடும்.

டிரில்லைப் பற்றிச் சொல்பவர்களிடம் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. குழாயை முறுக்கும்போது அழுத்தம் அதிகம் படுவது வெளிப்புறத்தில்தான்; உட்சுவரில் ஒரு கீறல் விழுந்தால் என்ன குறை என்பார்கள். முதல் பாதி உண்மை. உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி என்றால், உட்சுவரில் படும் அழுத்தமும் வெளிப்புறத்தில் படுவதில் பாதிதான். உட்சுவரை எல்லாப் பக்கமும் சமமாக, மிகச் சிறிது சுரண்டினால் பெரிய கேடு இல்லை. ஆனால் நீண்ட டிரில் பிட் அப்படிச் சமமாகச் சுரண்டாது. முன்னால் கடினமான கம்பி, பக்கத்தில் மென்மையான துரு. பிட் மென்மையான பக்கமாகச் சாயும், ஷாஃப்டின் ஒரு பக்கச் சுவரை மட்டும் தின்னும். கூரிய முனையுள்ள பள்ளம் விழுந்தால் அந்த முனையில் அழுத்தம் பலமடங்கு குவியும். ஸ்டீயரிங் ஒவ்வொரு திருப்பத்திலும் இரு பக்கமும் முறுக்கு வாங்குகிறது. அத்தகைய முறுக்கில் விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட முனைகளில்தான். சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. துருவை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவதும் இதே வகை. கடின எஃகு அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறலாம். பாகம் சுத்தமாக வெளியே வரும், பிறகு சுமை தாங்கும்போது முன்னறிவிப்பு இன்றி விரிசல் விடும்.

அப்படியானால் எது சரியான வழி? தன்னளவிலேயே ஒரு வரம்பு உள்ள வழிகள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தொடங்க வேண்டிய இடம் கீழ்முனை. சுவிட்சைப் பிடித்திருக்கும் கம்பிப்பிடியை விலக்கிச் சுவிட்சை எடுத்துவிட்டால் கம்பியின் அடிமுனை விடுபடும். நல்ல வண்டியில் இதன்பின் கம்பி வீலின் வழியாக மேலே உருவி வந்துவிடும். வராவிட்டால் தண்டைப் பாக்ஸோடு சேர்த்து வண்டியிலிருந்து இறக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தி, அடியை அடைத்து, மேலிருந்து துரு இளக்கும் எண்ணெயை விட்டு நாள்கணக்கில் ஊற விட வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் கிரீஸில் மீந்திருக்கும் ஆயிலைக் கரைக்கும். காய்ந்த சோப்பையும் அரக்கையும் அவ்வளவாகக் கரைக்காது. அதனால்தான் ஒரு மாதம் டீசலில் ஊறியும் பயனில்லை என்ற புலம்பல் கேட்கிறது. அரக்கை இளக்க அசிட்டோன் கலந்த எண்ணெய் உதவும். காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்கு எட்டாத தூரத்தில் அதைக் கையாள வேண்டும். தீப்பற்றும் எண்ணெயை முழுதும் வடித்துத் துடைத்துக் காற்றில் ஆவியாக விட்டபிறகு, ஷாஃப்டின் வெளிப்புறத்தைக் கொதிநீரால் சூடாக்கலாம். திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரிக்குமேல் போகாது. கவனம் தவறினாலும் எஃகைக் கெடுக்க அந்த நீருக்குச் சக்தி இல்லை. கிரீஸை இளக்க அந்தச் சூடு போதும்.

சற்று இளகியதும் விளக்குக் கைப்பிடியைக் கையால் மட்டும், மயிரிழை அளவுக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் கம்பி முறியும். இரு பக்கமும் அசையும்போது அந்தச் சிறு அசைவே எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையும் அளவு நாளுக்கு நாள் கூடுகிறதா என்று வீலில் சாக்பீஸால் குறித்துவைத்தால், வேலை முன்னேறுகிறதா என்பது ஊகத்துக்கு விடப்படாது. கம்பி வந்தபிறகு குழாயைச் சுத்தம் செய்ய, மொட்டை முனையுள்ள, உள்விட்டத்தைவிடச் சிறிய கம்பியும், கையால் சுழற்றும் பிரஷும் போதும். பாக்ஸிலிருந்து பிரித்து, ஆயில் பிசுக்கை நீக்கிய ஷாஃப்டில் எஞ்சிய துருவைக் கரைக்கச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரில் கரைத்த கலவை உதவும். ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். வலுவான அமிலம் போல நல்ல இரும்பைத் தாக்காது. இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம், பார்க்கலாம், பின்வாங்கலாம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நேரமும் கூலியும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை இரண்டு மூன்று வாரம் இழுத்தால் பட்டறை நடத்துபவர் பிழைப்பது எப்படி என்பது பொய்யான கேள்வி அல்ல. ஆனால் அந்த வாரங்களில் பெரும்பகுதி ஊறுவதற்குப் போகிறது; ஆள் நின்று செய்யும் வேலை தினமும் சில நிமிடங்கள்தான். பழைய லாரியைப் புதுப்பிக்க மாதங்கள், சில நேரம் ஆண்டுகளே ஆகின்றன. முதல் வாரத்திலேயே ஸ்டீயரிங் தண்டை இறக்கி ஊறப்போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தால், இந்தத் தாமதம் யாருடைய கூலியிலும் கை வைக்காது. இரண்டாவது மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருகிறது: தீயும் சுத்தியலும் வைத்து எத்தனையோ லாரிகளை ஓட விட்ட மூத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்களே? அவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பழகியது, அன்றாடம் ஓடித் தேய்ந்து, பாகம் போனால் மாற்றப்பட்ட வண்டிகளில். பட்டறையை விட்டு ஓடிப்போன வண்டி பிறகு எங்கே, எதனால் நின்றது என்ற செய்தி அந்தப் பட்டறைக்குத் திரும்பி வருவது அரிது. கண்ணுக்குத் தெரியாத சேதத்தைப் பொறுத்தவரை, ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது சான்றாகாது.

மூன்றாவது மறுப்பு எளிமையானது: அடைப்பை அப்படியே விட்டுவிட்டு ஹார்னுக்கும் விளக்குக்கும் டேஷ்போர்டில் தனிச் சுவிட்ச் வைத்தால் என்ன? வீலும் பாக்ஸும் சீராக இயங்கி, கம்பி ஷாஃப்டோடு ஒட்டாமல் இருந்தால், இது குறுக்குவழிகள் மூன்றையும்விட நேர்மையான தீர்வு. எதையும் கெடுக்கவில்லை, நாளை மாற்றிக்கொள்ளலாம். அதன் குறை, ஷாஃப்டின் உட்புறம் பார்க்கப்படாமலே போகிறது என்பது; ஆகவே அதைத் தற்காலிக ஏற்பாடாகவே கருத வேண்டும். புதிய தண்டு வாங்கிப் போடுவதே நல்லது என்பது நான்காவது மறுப்பு. மாடல் ஏ வண்டிகளுக்குப் புதிதாகச் செய்த பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. விரிசலோ ஆழமான துருப்பள்ளமோ தெரிந்தால் மாற்றுவதுதான் சரி. ஆனால் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யவே பழைய பாகத்தைச் சேதமில்லாமல் திறக்க வேண்டியிருக்கிறது. காரின் பாகங்கள் எல்லாம் லாரிக்குப் பொருந்துவதும் இல்லை. புதிய பாகத்தைப் போட்டுவிட்டு அதிலும் கிரீஸை அடைத்தால் அதே கதை மறுபடி தொடங்கும்.

அடைப்பு நீங்கியபிறகு சரிபார்ப்பதே வேலையின் சரிபாதி. குழாய்க்குள் நுழையும் சிறு கேமராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன; உட்சுவர் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். வெளிப்புறத்தில், குறிப்பாக ஷாஃப்டின் மேல்முனையிலும் வார்ம் தொடங்கும் இடத்திலும், விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயச் சோதனையோ காந்தத்தூள் சோதனையோ செய்ய வேண்டும். இவை எஞ்சின் ரீபில்டு செய்யும் பெரிய பட்டறைகளில் வழக்கமானவை. அடித்தகட்டுக் குழாயைப் புதிதாகப் பொருத்தி, பாக்ஸில் கனமான ஆயிலை ஊற்ற வேண்டும். மெல்லக் கசியும் ஆயில் அவ்வப்போது மட்டம் பார்க்கச் சொல்லும். கசியாத கிரீஸ் எதையும் சொல்லாது. பழமைவாய்ந்த வண்டிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம், செய்த மாற்றங்களைப் பதிவு செய்துவைக்க வலியுறுத்துகிறது. ஸ்டீயரிங்கில் அந்தப் பதிவு வெறும் சம்பிரதாயம் அல்ல. எந்த எண்ணெயில் ஊறியது, சூடு காட்டப்பட்டதா, எந்தச் சோதனை நடந்தது, இப்போது உள்ளே எந்த ஆயில் என்று அரைப்பக்கம் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்தால், அடுத்து அதை ஓட்டப்போகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை.

பழைய லாரியை வாங்குகிறவர்களும் புதுப்பிக்கக் கொடுக்கிறவர்களும் இதைத் தங்கள் உரிமையாகக் கேட்க வேண்டும். வீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டி ‘பாருங்கள், வெண்ணெய் மாதிரி திரும்புகிறது’ என்று சொன்னால் திருப்தி அடையக் கூடாது. தீ காட்டிய ஷாஃப்டும் அப்படித்தான் திரும்பும். குடைந்த ஷாஃப்டும் அப்படித்தான் திரும்பும். எப்படித் திறந்தீர்கள், உள்ளே என்ன இருந்தது, திறந்தபின் எதை வைத்துச் சோதித்தீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய பட்டறையிடம்தான் ஸ்டீயரிங் வேலையைக் கொடுக்க வேண்டும். பதில் இல்லாத வண்டியைக் கண்காட்சியில் நிறுத்தி வைக்கலாம். மக்கள் நடமாடும் சாலையில் ஓட்டக் கூடாது.